மரிக்காரின் குரல்



எழுபதுகளில் எங்கள் வரிப்பத்தான்சேனையில் வயல் வட்டைக் காவலுக்குப் போகிறவர்கள் வாடிக்குள் ஒரு வானொலிப்பெட்டியையும் கொண்டுபோவார்கள். இலங்கை வானொலியில் "கோமாளிகளின் கும்மாளம்" நாடகம் தொடங்கிவிட்டால் எங்கள் வாப்பா யாரையும் பேச விடமாட்டார். அதில் வரும் மரிக்கார் கொழும்புப் பக்கத்து முஸ்லிம், நம்மட ஆள்தான் என்று அடித்துச் சொல்வார். ஒருநாள் நாடகம் முடிந்து பங்குபற்றியோரின் பெயர்களை வாசித்தபோது வாப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மரிக்காராகப் பேசியவர் எஸ். ராமதாஸ். ஐயராகப் பேசியவர் பி. எச். அப்துல் ஹமீத்!

யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக டி. ராஜகோபாலும், தமிழ் பேசும் சிங்களவர் உபாலியாக எஸ். செல்வசேகரனும் சேர, இந்த நாட்டில் தமிழ் எத்தனை விதமாகப் பேசப்படுகிறது என்பதை நாலு குரல்கள் வீடு வீடாகக் கொண்டுபோயின.

அடுத்தவர் பேச்சைப் பேசிக் காட்டுவது நக்கலாகிவிட மயிரிழை போதும். கொழும்பில் 'ஈக்கி' என்பதை நாம் இங்கே 'இரிக்கி' என்கிறோம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வது லேசு. அதைச் சொல்லும் மனிதன் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறான், எங்கே கோபத்தை விழுங்குகிறான் என்பதைப் பிடிப்பதுதான் கஷ்டம். ராமதாஸ் அதைப் பிடித்தார். கேட்ட முஸ்லிம்கள் முகம் சுளிக்கவில்லை, சொந்தமாக்கிக்கொண்டார்கள். கடைசிவரை அவர் மரிக்கார் ராமதாஸ்தான். ஒரு குணசித்திர நடிகனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இந்த நாடகம் 1976இல் "கோமாளிகள்" என்று படமாகவும் வந்தது. 1978இல் "ஏமாளிகள்". குரலால் மட்டும் தெரிந்தவர்களின் முகத்தைப் பார்க்கச் சனம் போனது.

சரி, இந்தப் புகழை வைத்து ஒரு நடிகன் எவ்வளவு உழைத்திருப்பான்? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1962இல் "சமுதாயம்" வந்ததிலிருந்து 1983 வரை இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் முப்பதைத் தொடவில்லை. அத்தனையிலும் ஒருவர் நடித்திருந்தாலும் வருடத்துக்கு ஒன்றரைப் படம்கூட வராது. தமிழ்நாட்டில் குணசித்திர நடிகருக்கு நாள்கணக்கில் கால்ஷீட். ஒரு படம் முடிந்தால் அடுத்த படம். இங்கே அடுத்த படத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நாடகத்துக்குக் கிடைத்ததை வைத்து அடுப்பு எரிக்க முடியாது. "அண்ணை றைற்" தனிநடிப்பால் சிரிக்க வைத்த கே. எஸ். பாலச்சந்திரன் இறைவரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டுதான் நடித்தார். இன்னொரு நடிகர் ஏ. ஈ. மனோகரன் சென்னைக்குப் போனார். அங்கே படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்து, 2018இல் அங்கேயே காலமானார்.

1983 கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. இங்கே எடுத்த "குத்துவிளக்கு" படத்தின் மூலப்பிரதியும் அந்த வருடத்துத் தீயில்தான் போனது. சம்பளம்தான் கிடைக்கவில்லை, செய்த வேலையாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ராமதாசும் பிறகு தமிழ்நாட்டுக்கே போய், 2016இல் சென்னையில் காலமானார்.

இப்போது நம் பிள்ளைகள் கையில் ஃபோனை வைத்தே குறும்படம் எடுக்கிறார்கள். நல்ல நடிகர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்துத்தான் சொல்கிறேன். போன வருடம் நம்மூர்த் தம்பி ஒருவர் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்காகக் கல்முனையில் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனார். மீன் யாவாரியாக மூன்று நாள் நடித்தார். பகல் சாப்பாடும் பஸ் காசும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "நாளுக்கு எவ்வளவு என்று முதலே கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு போங்க தம்பி" என்றேன்.

"கேட்டா அடுத்த முறை கூப்பிட மாட்டாங்களே காக்கா" என்றார்.