அச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு



ஆஸ்துமாவால் இறப்பவர்கள் அதிகமா, டொர்னேடோ என்னும் சுழற்காற்றில் சிக்கி இறப்பவர்கள் அதிகமா? 1970-களில் அமெரிக்காவில் சாதாரண மக்களிடம் இப்படிச் சாவின் காரணங்களை இரண்டிரண்டாக எடுத்து வைத்துக் கேட்டார்கள். சுழற்காற்றுதான் என்றார்கள் பெரும்பாலோர். உண்மையில் அன்றைய அமெரிக்காவில் ஆஸ்துமா சுமார் 20 மடங்கு அதிகம் பேரைக் கொன்றுகொண்டிருந்தது. பக்கவாதத்தால் இறந்தவர்கள், எல்லா வகை விபத்துகளிலும் சேர்த்து இறந்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பத்தில் எட்டுப் பேர் விபத்தையே சொன்னார்கள்.

இந்த ஆய்வைச் செய்த குழு அடுத்து நாளேடுகளைப் புரட்டியது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒன்று, மேற்குக் கரையில் ஒன்று என இரண்டு உள்ளூர் நாளேடுகள். நோய்களால் இறப்பவர்கள் கொலையுண்டு இறப்பவர்களைப் போல ஏறக்குறைய 100 மடங்கு இருக்க, கொலைச் செய்திகளோ நோய்ச் செய்திகளைப் போல மூன்று மடங்கு இருந்தன. மக்களின் கணிப்பு எந்தப் பக்கம் தவறியதோ, நாளேட்டின் பத்திகளும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தன.

‘மக்களுக்கு விவரம் போதாது, எடுத்துச் சொன்னால் திருந்திவிடுவார்கள்’ என்று இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். அணுமின் துறையினரும் ரசாயனத் தொழில்துறையினரும் அன்று அப்படித்தான் பேசினார்கள். அந்தக் குழுவில் இருந்த உளவியலாளர் பால் ஸ்லோவிக் அந்த முடிவோடு நின்றுவிடவில்லை. ஆபத்தை மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள் என்ற கேள்விக்கே தன் ஆய்வு வாழ்க்கையைக் கொடுத்தவர் அவர். இன்றைய உரை அவரைப் பற்றியது.

ஸ்லோவிக் 1938-இல் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1964-இல் முனைவர் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் அவர் ஆராய்ந்தது சூதாட்டத்தை. ஒரு பந்தயத்தில் சிறிய தொகை, ஆனால் வெல்லும் வாய்ப்பு அதிகம். இன்னொன்றில் பெரிய தொகை, வாய்ப்பு குறைவு. எதை ஆடுவீர்கள் என்று கேட்டால் பலரும் முதலாவதைக் காட்டுவார்கள். அதே ஆட்களிடம் இரண்டுக்கும் விலை சொல்லச் சொன்னால் இரண்டாவதற்கே கூடுதல் விலை சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் கண்ட இந்த முரணை, லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதி ஒன்றில் சொந்தப் பணத்தை வைத்து ஆடியவர்களிடமும் அவரும் சாரா லிக்டன்ஸ்டைனும் கண்டார்கள். மனிதன் லாப நட்டக் கணக்குப் பார்த்தே முடிவெடுக்கிறான் என்ற பொருளியல் நம்பிக்கைக்கு அது பலத்த அடி.

1970 வாக்கில் கில்பர்ட் வைட் என்ற புவியியலாளர் அவரைச் சந்தித்தார். வெள்ளம் வரும் என்று தெரிந்தும் மக்கள் ஏன் ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் வீடு கட்டுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் வைட். உங்கள் பந்தய ஆய்வுகள் இதற்கு ஏதாவது விடை சொல்லுமா என்று அவர் கேட்டார். சொல்லாது என்பது ஸ்லோவிக்கின் குழுவுக்குப் புரிந்தது. காசும் வாய்ப்பும் மட்டுமே இருக்கும் பந்தயத்தை விட்டு, வெள்ளம், பூச்சிக்கொல்லி, அணு உலை என்று மனிதர்கள் நிஜமாகவே அஞ்சுகிற பொருள்களின் பக்கம் அவர்கள் திரும்பினார்கள். 1976-இல் லிக்டன்ஸ்டைன், பரூக் ஃபிஷ்ஹாஃப் ஆகியோருடன் சேர்ந்து ஒரெகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் ‘டிசிஷன் ரிசர்ச்’ என்ற தனி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர்களின் புகழ்பெற்ற ஆய்வைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 30 பொருள்கள் கொண்ட ஒரு பட்டியல். மோட்டார் வாகனம், கைத்துப்பாக்கி, புகைபிடித்தல், எக்ஸ்-ரே, மிதிவண்டி, நீச்சல், அணுமின்சாரம் எல்லாம் அதில் உண்டு. ஆபத்து அதிகமானதில் தொடங்கிக் குறைவானது வரை வரிசைப்படுத்த வேண்டும். பெண் வாக்காளர் சங்கத்தினர், கல்லூரி மாணவர்கள், ஒரு மன்றத்தைச் சேர்ந்த வணிகர்கள், ஆபத்து மதிப்பீட்டு நிபுணர்கள் என நான்கு தரப்பினர் வரிசைப்படுத்தினார்கள். பெண் வாக்காளர்களும் மாணவர்களும் அணுமின்சாரத்தை முதலிடத்தில் வைத்தார்கள். நிபுணர்களின் வரிசையில் அது 20-ஆவது. எக்ஸ்-ரே கதிரை நிபுணர்கள் 7-ஆவதாக வைக்க, பெண் வாக்காளர்கள் 22-ஆவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

இங்கேதான் ஸ்லோவிக் குழுவினர் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள். ஒரு சராசரி ஆண்டில் இவை ஒவ்வொன்றாலும் எத்தனை பேர் இறப்பார்கள்? அணுமின்சாரத்தை முதலிடத்தில் வைத்த அதே மக்கள், சாவு எண்ணிக்கையில் மிகக் குறைந்த எண்ணை அதற்கே கொடுத்தார்கள்! மக்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை. ஆபத்து என்று அவர்கள் சொல்லும்போது பிணங்களை மட்டும் எண்ணவில்லை, அவ்வளவுதான். பேரழிவு நேரும் ஓர் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்றதும் அந்தச் சிறிய எண் பல மடங்கு பெருகியது.

நிபுணர்களின் வரிசை ஆண்டுச் சாவுக் கணக்கை ஒட்டிப் போனது. மக்களின் வரிசையோ வேறு பல கேள்விகளைக் கேட்டது. நானாக ஏற்றுக்கொண்ட ஆபத்தா, என் மீது சுமத்தப்பட்டதா? ஒரே அடியில் பலரைக் கொல்லுமா? பிறக்கப்போகும் பிள்ளைகளைத் தொடுமா? கண்ணுக்குத் தெரியுமா, பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படுமா? லாபம் ஒருவருக்கும் கேடு இன்னொருவருக்கும் போகிறதா? இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, திகிலூட்டும் தன்மை ஒன்று, அறியப்படாத தன்மை இன்னொன்று என இரண்டு பெரும் அளவுகோல்கள் தெளிந்தன. 1987-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஸ்லோவிக்கின் கட்டுரை இதை உலகறியச் செய்தது. நிபுணர்கள் விட்டுவிடும் நியாயமான கவலைகள் மக்களின் ஆபத்து உணர்வுக்குள் இருக்கின்றன, இரு தரப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டும் என்பது அதன் சாரம். நிபுணர் பேச மக்கள் கேட்க வேண்டும் என்றிருந்த காலத்தில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

மக்களின் இந்த அளவுகோல்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1979 மார்ச்சில் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து. அங்கே உடனடியாக யாரும் இறக்கவில்லை. சாவுக் கணக்கின்படி அது ஒன்றுமே இல்லை. ஆனால் அமெரிக்க அணுமின் துறை முழுவதும் ஆட்டம் கண்டது. கட்டுப்பாடுகள் இறுகின, செலவு ஏறியது, மக்களின் எதிர்ப்பு வலுத்தது. அதிகம் அறியப்படாத ஒரு தொழில்நுட்பத்தில் நேரும் சிறு விபத்தையும், இன்னும் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்பதற்கான அறிகுறியாக மக்கள் படிக்கிறார்கள் என்று ஸ்லோவிக் விளக்கினார்.

மக்களை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆதரித்தவரும் அல்லர். நிலத்தடிப் பாறையிலிருந்து கசிந்து வீட்டுக்குள் தேங்கும் ரேடான் வாயுவால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. அணுக்கழிவும் கதிரியக்கம், ரேடானும் கதிரியக்கம். ஆனால் ரேடான் இயற்கையானது, குற்றம் சொல்ல ஆள் இல்லை, சொந்த வீட்டுக்குள் இருக்கிறது. அதனால் அச்சம் எழுவதில்லை. புகைபிடிக்கும் இளைஞர்களிடமும் இதையே கண்டார். புகை கெடுதல் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு சிகரெட் என்ன செய்துவிடும், சீக்கிரமே விட்டுவிடுவோம் என்ற நினைப்பில் தொடர்கிறார்கள். திரும்ப வாய்ப்புக் கிடைத்தால் புகைக்கத் தொடங்குவீர்களா என்று கேட்டபோது பெரும்பாலோர் மாட்டோம் என்றார்கள். பொதுச் சுகாதாரத்துக்கு அச்சம் மிகுவதைப் போலவே அச்சம் இல்லாமையும் பெரிய பிரச்சினை.

நிபுணர்களின் மனத்தையும் அவர் அளந்தார். நச்சியல் வல்லுநர்களையும் பொதுமக்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1992-இல் வந்தது. எந்த நஞ்சும் அளவைப் பொறுத்ததே என்பது வல்லுநர்களின் பாலபாடம். மக்களில் பலருக்கோ புற்றுநோய் தரும் பொருள் என்றால் துளியும் துளிதான், குடமும் குடம்தான், இரண்டும் கேடு. இது எதிர்பார்த்த வேறுபாடு. எதிர்பாராதது ஒன்றும் இருந்தது. வல்லுநர்களுக்குள்ளேயே, தொழில் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் ரசாயனங்களைச் சாதுவானவையாகப் பார்த்தார்கள். பல்கலைக்கழகங்களிலும் அரசிலும் இருந்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. படித்த படிப்பு ஒன்று, பார்வை வேறு.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மற்றோர் ஆய்வை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். அமெரிக்கர்கள் சுமார் 1,500 பேரிடம் 25 ஆபத்துகளைப் பற்றிக் கேட்டார்கள். 25-இலும் வெள்ளை ஆண்களே ஆபத்தைக் குறைவாக மதிப்பிட்டார்கள். பெண்களும் வெள்ளையரல்லாத ஆண்களும் கூடுதலாக மதிப்பிட்டார்கள். காரணம் உடற்கூறு அல்ல. அந்த வெள்ளை ஆண்களில் 30 விழுக்காடு பேர் மட்டுமே எல்லாவற்றையும் மிகமிகக் குறைவாகச் சொல்லிச் சராசரியைக் கீழே இழுத்திருந்தார்கள். வருமானமும் படிப்பும் மிகுந்தவர்கள், அதிகாரிகள்மீதும் நிறுவனங்கள்மீதும் நம்பிக்கை கொண்டவர்கள். தொழில்நுட்பத்தை உருவாக்குவதும் நிர்வகிப்பதும் அதன் பலனை அனுபவிப்பதும் யாரோ, அவர்களுக்கு அதன் ஆபத்து சிறியதாகத் தெரிகிறது. ஆலைப் புகை தன் வீட்டுக்குள் வருகிறதே என்று ஒரு பெண் சொல்லும்போது, அதிகாரிக்கு அது ஏன் மிகையாகப் படுகிறது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

மீதிப் பாதி நம்பிக்கையைப் பற்றியது. நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் யக்கா மலையை மட்டுமே நாட்டின் அணுக்கழிவைப் புதைக்கும் இடமாக ஆராய வேண்டும் என்று 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானித்தது. அணுக்கழிவுக் கிடங்கு என்றதும் மனத்தில் எழுவது என்ன என்று ஸ்லோவிக் குழு கேட்டபோது ஆபத்து, சாவு, மாசு என்ற சொற்களே குவிந்தன. நல்லதாக எதுவும் சொன்னவர்கள் மிக அரிது. அணுமின் துறை எத்தனை விளம்பரம் செய்தும் நெவாடா மக்கள் இறங்கி வரவில்லை. இன்றுவரை அந்த மலைக்குள் கழிவு போகவில்லை.

நம்பிக்கை எப்படி வளர்கிறது, எப்படிச் சிதைகிறது என்று பார்க்க, அணுமின் நிலையம் ஒன்றைப் பற்றிக் கற்பனையாக 45 செய்திகளை எழுதி மாணவர்களிடம் கொடுத்தார் ஸ்லோவிக். இந்தச் செய்தி கேட்டால் நிர்வாகத்தின் மீதுள்ள நம்பிக்கை கூடுமா, குறையுமா, எவ்வளவு என்று அவர்கள் குறிக்க வேண்டும். பதிவேட்டில் பொய் எழுதினார்கள் என்ற ஒரு வரி போதும், நம்பிக்கை சரிந்தது. ஊழியர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறோம், நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்பவையெல்லாம் நம்பிக்கையைப் பெரிதாக உயர்த்தவில்லை. நம்பிக்கையை வலுவாக உயர்த்திய செய்தி ஒன்றே ஒன்றுதான். உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கொண்ட ஒரு குழு நிலையத்தைக் கண்காணிக்கும், பாதுகாப்பில்லை என்று தோன்றினால் அதை இழுத்து மூடும் சட்ட அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு என்பது அந்தச் செய்தி.

இதிலிருந்து ஸ்லோவிக் எடுத்த முடிவு, விளக்கக் கையேடுகளை இன்னும் நன்றாக அச்சடிக்க வேண்டும் என்பதல்ல. ஆபத்தை அளப்பதிலும் முடிவெடுப்பதிலும் மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று 1993-இல் அவர் எழுதினார். கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தி, வந்தவர்களின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே எடுத்த முடிவை அறிவிக்கும் எந்த நாட்டு அரசும் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு அது.