சமாதானத்தைக் கெடுக்கும் பதவி ஆசை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் சுருக்கம்)





மக்கள் வெறுக்கும் போர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன? சமாதானம் வந்தால் தம் பதவிக்குக் கேடு வரும் என்று அஞ்சுவோர் இருப்பதே காரணம். இதற்குச் சான்றாக நமக்கு அண்மையில் உள்ள இலங்கையைப் பாருங்கள்.

1957-இல் பிரதமர் பண்டாரநாயக்கா, தமிழர் தலைவர் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். எதிர்க்கட்சியின் ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். மறு ஆண்டே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965-இல் ஜெயவர்த்தனாவின் கட்சித் தலைவரான டட்லி சேனநாயக்கா அதே செல்வநாயகத்துடன் உடன்பட்டபோது, பண்டாரநாயக்காவின் கட்சி எதிர்த்தது. அதுவும் கைவிடப்பட்டது. ஒரு கட்சி கட்டியதை மறு கட்சி இடித்தது.

1983-இல் போர் மூண்டது. 1994-இல் சமாதானம் பேசிய சந்திரிகாவுக்கு 62 சதவீதத்திற்கும் அதிகமான வாக்குகளை மக்கள் வழங்கினர். ஆயினும் 1995 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் போர்நிறுத்தத்தை முறித்தனர். 2002-இல் ரணில் விக்ரமசிங்க போர்நிறுத்தம் செய்தார். 2003-இல் அதே சந்திரிகா அவருடைய அரசிடமிருந்து பாதுகாப்பு அமைச்சைப் பறித்துக்கொண்டார். போர் மீண்டும் மூண்டு, 2009 மே மாதத்தில்தான் ஓய்ந்தது.

விலை கொடுத்தவர்கள் யார்? பாமர மக்களே. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினர். இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் எண்ணற்ற தமிழர்கள் மடிந்தனர்.

சகோதரர்களே! ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, "அல்லாஹ்வின் தூதர்" என்னும் சொல்லை எதிர்த்தரப்பினர் ஏற்க மறுத்தனர். தோழர்கள் மனம் வருந்தினர். ஆயினும் நபி (ஸல்) அவர்கள் அச்சொல்லை நீக்கச் சம்மதித்தார்கள். தம் பெயருக்குரிய சிறப்பை விட்டுக்கொடுத்து உயிர்களைக் காத்தார்கள்.

நம் ஜமாஅத்திற்கு வரும் குடும்ப வழக்கிலும் இந்நோய் உண்டு. தன் பேச்சு வெல்ல வேண்டும் என்பவர் வழக்கை நீட்டிப்பார். அவ்வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பவர் அன்றே முடித்து வைப்பார். நாம் இரண்டாமவராக இருப்போம். நிர்வாகப் பொறுப்பு ஓர் அமானிதம் என்பதை மறவாதிருப்போம்.

அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.