முகமும் குரலும்



ஒருவர் பேசுகையில் நம் மூளை குரலோடு முகத்தையும் சேர்த்தே கேட்கிறது. 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்: 'பா' என்னும் ஒலியோடு 'கா' என அசையும் உதட்டைக் காட்டினால் பலருக்கு 'டா' என்றே கேட்கும். கண்ணை மூடினால் மறுபடியும் 'பா'!

தொழுநோய் முக நரம்பைத் தாக்கினால் இமை மூடாது, முகம் அசையாது. 'ஸ்தோத்திரம் ஐயா' என்று மனதாரச் சொன்னாலும் முகம் மரம்போல் நிற்கும். நன்றியில்லாதவர் என்று எண்ணிவிடுகிறோம்.

1940-களில் செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேனின் நோயாளிகளைக் கண்ட டாக்டர் பால் பிராண்டு, பிற்பாடு வேலூரில் மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்தார். பல்லைக் கடித்தால் கண் மூடும், பார்வை தப்பும். புன்னகை திரும்பாது.

நரம்பு பாதித்த ஆறு மாதத்துக்குள் வந்தால் மாத்திரையிலேயே பலருக்குக் குணமுண்டு. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பங்களுக்கு எங்கள் வண்டி மாதந்தோறும் போவது அதற்காகவே. டீசல் உங்கள் காணிக்கையில் வாங்கியது.