நூல் போடாத மெஷின் வாங்கலாமா?



கைவினைப் பொருள் செய்ய ஃபெல்ட்டிங் மெஷின் வாங்கலாம், கடன் கேட்போம் என்று எங்க குழுவில் மூணு கூட்டமா பேச்சு நடக்குது. நல்லா விசாரிச்சுட்டு வா என்று என்னை அனுப்பினாங்க. விசாரிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

பார்க்க தையல் மெஷின் மாதிரியேதான் இருக்கும். ஆனா நூல் கிடையாது, பாபின் கிடையாது. ஒரு ஊசிக்குப் பதிலா 5, 7, 12 என்று கொத்தா ஊசி இருக்கும். ஊசியின் உடம்பில் சின்னச் சின்ன வெட்டு. துணி மேல கம்பளியை வச்சு ஓட்டினா, அந்த வெட்டு நாரைப் பிடிச்சு துணிக்குள்ள இழுத்துட்டுப் போகும். மேலே வரும்போது நாரை அங்கேயே விட்டுட்டு வந்திடும். பூ, இலை, மயில் எல்லாம் தைக்காமலே துணியில் பதிஞ்சிடும். கார் டிக்கியில் விரிச்சிருக்கிற கெட்டி விரிப்பு கூட ஃபேக்டரியில் பெரிய மெஷின்ல இப்படி ஊசி குத்திச் செய்யறதுதான்.

கம்பளி நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. குரும்பர் வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. மயிர் கத்தரிச்சு, நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெய்ததை விவரமா சொல்லுவாங்க. ஆனா எல்லா ஆடும் இதுக்கு உதவாது. மேச்சேரி ஆட்டுக்கு இருப்பது வெறும் முடி. திருச்சி கருங்குரும்பைக்குக் கம்பளி உண்டு, அதுவும் முரடு. கழுத்தில் போட்டா அரிக்கும். பை, உட்காரும் விரிப்பு, சுவரில் மாட்டுற படம், இதுக்கெல்லாம் தாராளமா ஆகும்.

இனி மெஷினுக்கு வர்றேன். வெளிநாட்டு மெஷின்னா முதலில் பின்னாடி ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்க. சிலது 110 வோல்ட்டுக்குச் செய்தது. நம்ம வீட்டு கரண்ட் 230. நேரா சொருகினா புகைதான் வரும். விரலுக்குத் தடுப்பு இருக்கணும். ஒத்த ஊசி உடைஞ்சா அதை மட்டும் மாத்த முடியணும், கொத்தையே மாத்தணும்னா செலவு தாங்காது. துணியை வெடுக்குனு இழுத்தாலே ஊசி முறியும். நெருக்கமா நெய்த கெட்டித் துணியிலும் முறியும். அதனால மாற்று ஊசி எங்கே கிடைக்கும்னு கேட்காம முன்பணம் கொடுக்காதீங்க. நான் ஓசூரில் ரெண்டு கடையில் கேட்டேன், வரவழைச்சுத்தான் தரணும்னாங்க. அதுவரைக்கும் மெஷின் சும்மா நிற்கும். மெஷின் நின்னாலும் மாசத் தவணை நிற்காது இல்லையா?

சில தையல் மெஷினிலேயே இந்த ஊசிக்கொத்தை மாட்டிக்கலாம். விலை குறைவுதான். ஆனா பாபின் பெட்டியைக் கழற்றி வைக்கணும், உள்ளே பஞ்சு அடையும், திரும்பத் தைக்கணும்னா எல்லாத்தையும் சுத்தம் பண்ணணும். தினம் பிளவுஸ் தைச்சு சம்பாதிக்கிறவங்க மெஷினில் இதைச் செய்ய வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

தமிழ்நாட்டில் குழு என்பதே 1989-ல் நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பிச்சது. அப்போதிருந்தே கடன் கேட்டா வர்ற கேள்வி, எதை வித்து கட்டுவே என்பதுதான். அதனால எங்க குழுவில் நான் சொன்னது இது. இதே வெட்டு ஊசி கையால குத்துறதுக்கும் தனியா கிடைக்குது. அடியில் ஸ்பாஞ்ச் வச்சு மெதுவா குத்தணும், நேரம் பிடிக்கும், கவனம் தப்பினா விரலில் ஏறும். முதலில் அதில் இருபது பை செய்வோம். மதி கண்காட்சியிலும் கல்லூரிச் சந்தையிலும் வச்சுப் பார்ப்போம். வித்துப்போய் இன்னும் கேட்டாங்கன்னா, கை போதலைன்னா, அப்போ மெஷினுக்குத் தீர்மானம் எழுதுவோம். ரெண்டு பேருக்கு இதில் வருத்தம். சின்னப் பொண்ணுங்க, வேகமா செய்யணும்னு ஆசை. அந்த ஆசையும் நியாயம்தான், ஆனா கடன் பன்னிரண்டு பேர் பேரில் விழுது.

பெங்களூரில் இந்த மெஷினை ஓட்டிக் காட்டுறதா ஒரு கடையில் சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் போறோம். கடைக்காரர் வச்சிருக்கிற துணியில் ஓட்டினா எல்லாம் அழகாத்தான் வரும், அதனால நம்ம துணி, நம்ம கம்பளி எடுத்துட்டுப் போறோம். வர்றவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி என்கிட்ட பேர் கொடுத்திடுங்க.