மாற்றிய மூட்டும் தேயும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழு சார்பில் பேசியது)



மூட்டு மாற்று ஆபரேஷனுக்குக் கடன் கேட்டு நம்ம குழுக்களுக்கு விண்ணப்பம் வருது. கொடுக்கிறோம். ஆபரேஷன் முடிந்த அக்காமார்களை விசாரித்தால், "இரும்பு வச்சாச்சு, இனி ஆயுசுக்கும் கவலையில்லை"ங்கிறாங்க. அது அப்படியில்லை.

செயற்கை முழங்காலில் மேலே உலோகம், கீழே உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். இடுப்பு மூட்டிலும் கிண்ணத்தின் உள்பக்கம் பெரும்பாலும் அதே பிளாஸ்டிக்தான். நடக்க நடக்க அதுதான் தேயும்.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்து வைத்தார். நம்ம நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான்! வழுவழுப்பாக இருக்கிறதே என்று நினைத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் தேய்ந்து போச்சு. சுமார் 300 பேருக்கு வைத்திருந்தார், பாவம். அந்தத் தூளைத் தன் தொடையிலேயே ஊசி போட்டுப் பார்த்தார், கட்டி கிளம்பியது. 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். 1990-களின் கடைசியில் இன்னும் உறுதியாக்கிய பாலிஎத்திலீனும் வந்தது. ஆனாலும் தேய்மானம் அடியோடு நிற்கவில்லை.

தேய்ந்த தூள் கண்ணுக்குத் தெரியாது. உடம்பின் வெள்ளை அணுக்கள் அதை விழுங்கும், செரிக்க முடியாது. அந்த எரிச்சலில் மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு கரையும், மூட்டு ஆட்டம் காணும். மோசம் என்னவென்றால், ரொம்ப நாள் வலியே இருக்காது. எக்ஸ்ரேயில்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில சமயம் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும். எலும்பு கரைந்த பிறகு என்றால் பெரிய ஆபரேஷன், பெரிய செலவு, மறுபடியும் கடன்.

இன்னொன்று. உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை இடுப்பு மூட்டை 2010-இல் தயாரித்த நிறுவனமே உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. கோபால்ட், குரோமியம் துகள்கள் சதையைக் கெடுத்தன, ரத்தத்திலும் ஏறின. நம் நாட்டிலும் பலருக்கு வைத்திருந்தார்கள். 2018-இல் மத்திய அரசு நஷ்டஈட்டுக்கு வழி செய்தபோது, நிறையப் பேரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. தன் உடம்பில் இருப்பது எந்த மூட்டு என்று தெரியாதவர்களும் இருந்திருப்பார்கள்.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது மூட்டின் பெயர், அளவு, எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன தேதியில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்தவர்கள் அடுத்த கூட்டத்துக்குச் சீட்டைக் கொண்டு வாங்க. ஜெராக்ஸ் எடுத்து உங்கள் கடன் ஃபைலிலேயே வைத்துவிடுகிறோம். சீட்டு தொலைந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.