ஏடும் வன்தட்டும்



இலக்கிய நிகழ்ச்சியிலே கணினியைப் பற்றிப் பேச இந்தத் தமிழ் வாத்தியாருக்கு என்ன வந்தது என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு, கேளுங்கள்.

அரியாலையில் எங்கள் அயலிலுள்ள முதியவர்களிடம் தாலாட்டு, ஒப்பாரி, அருவிவெட்டுப் பாடல் என்பவற்றைப் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்து வந்தேன். அத்தனையும் ஒரே ஒரு வன்தட்டில் இருந்தன. ஒரு நாள் மாலை பாட்டொன்றைத் திறந்தேன். கணினி திகைத்து நின்றது. வன்தட்டிலிருந்து இடையிடையே ‘டிக், டிக்’ என்று ஓர் ஓசை வந்தது. நிறுத்தினேன், தொடக்கினேன், மறுபடியும் நிறுத்தினேன், தொடக்கினேன். இப்படி ஐந்தாறு தடவை. நான் செய்த பெரும் பிழை அதுதான்.

கணினி திருத்தும் என் மருமகன் வந்து பார்த்தான். “மாமா, இனித் தொடாதேங்கோ. நிப்பாட்டி விடுங்கோ” என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான்? வன்தட்டின் உள்ளே கண்ணாடிபோலப் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றை வாசிக்கும் சிறு முனை, தட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படையின் மேல் மிதக்கிறது. அந்த இடைவெளி எங்கள் தலைமயிரின் தடிப்பிலும் மிகமிகச் சிறியது. முனை பழுதாகித் தட்டிலே உரசினால், காந்தப் பூச்சு கீறுப்பட்டு, அதிலிருந்த எழுத்தும் குரலும் தூளாகிவிடும். நோயுற்ற வன்தட்டை ஒவ்வொரு முறை தொடக்கும்போதும் அந்த ஆபத்தை வலிந்து அழைக்கிறோம்.

நோயை அறியச் சில குறிகள் உண்டு. கோப்புகள் திறக்கச் சுணங்கும்; பழக்கமில்லாத ஓசை கேட்கும்; இருந்த கோப்பு வாசிக்க முடியாமற் போகும். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்தும் வைக்கிறது. அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள் எத்தனை, வாசிக்க முடியாமல் ஐயத்தில் நிற்கும் இடங்கள் எத்தனை என்று அது காட்டும். அந்த எண்கள் ஏறத் தொடங்கினால் நாட்கடத்தக் கூடாது. ஆனால் எந்தக் குறியும் காட்டாமல் ஒரே நாளில் நின்றுபோகும் வன்தட்டுகளும் உண்டு.

மருமகன் முதலிற் பழுதைத் திருத்த முயலவில்லை, பிரதி எடுத்தான். திருத்தும் மென்பொருள்கள் நோயுற்ற தட்டிலேயே எழுதத் தொடங்கி, உள்ளதையும் கெடுத்துவிடக் கூடுமாம். அவன் பயன்படுத்தியது ‘டிடிரெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருள். அது நல்ல இடங்களை முதலில் வாசித்து எடுக்கும். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகும். பின்னர் திரும்பி வந்து சிறிது சிறிதாக முயலும். கிடைத்தது எது, கிடைக்காதது எது என்று குறிப்பும் எழுதி வைக்கும். பிறகு அந்தப் பிரதியில்தான் கோப்புகளைத் தேட வேண்டும். “தட்டு ஓயாமல் ‘டிக்’ அடிச்சிருந்தால் நான் கை வைச்சிருக்க மாட்டன்” என்றான். அத்தகைய தட்டைத் தூசியில்லாத அறையில் வைத்துத் திறக்கும் வல்லுநரிடமே கொடுக்க வேண்டும். வீட்டிலே திறந்தால் ஒரு தூசியே போதும், எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டு இரவும் ஒரு பகலும் அந்த வேலை நடந்தது. பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு எங்கள் பழைய பதிப்பாசிரியர்களின் நினைவு வந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் காலத்தவருக்குக் கிடைத்த ஏடுகள் தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தன. அவர்களும் உதிருமுன் படியெடுத்தார்கள். ஓர் ஏட்டிற் சிதைந்ததை இன்னோர் ஏட்டிலே தேடினார்கள். எங்குமே கிடைக்காத இடத்தில், தாமாக இட்டுக்கட்டாமற் புள்ளியிட்டு விட்டார்கள். புறநானூற்றைப் புரட்டுவோர் அப்புள்ளிகளை இன்றும் காணலாம்.

பிரதி இல்லாதது என்னவாகும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1981 இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. அச்சிட்ட நூல் பலவற்றுக்கு வேறெங்கோ மறுபிரதி இருந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடிகள் போனவை போனவைதாம். 2005 இல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் தொடங்கப்பட்டு, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்துச் சேர்த்து வருவதன் அருமை அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

என் ஒலிப்பதிவுகளிற் பெரும்பாலானவை மீண்டன. எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்த ஓர் ஆச்சி, தம் மகனை நினைத்துப் பாடிய ஒப்பாரியில் மட்டும் நடுவே அரை நிமிடம் இல்லை. அந்த இடத்தில் ஓசையே இல்லை. திரும்பப் பாடச் சொல்லிக் கேட்க ஆச்சியும் இன்று இல்லை. அந்தப் பாட்டை எழுதி வைத்தபோது அவ்விடத்திற் புள்ளியிட்டேன். ஏடு செல்லரித்ததால் வந்த புள்ளியன்று அது. என் அசட்டையால் வந்த புள்ளி.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கணினியிலும் ஒரு கலியாணப் படம், ஓர் அப்பாவின் குரல், ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கும். அதற்கு மூன்று பிரதி வையுங்கள். ஒன்றையாவது வேறு வகைச் சாதனத்தில் வையுங்கள். ஒன்றையாவது வேறு வீட்டில் வையுங்கள். ‘டிக்’ என்ற ஓசை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.