கல்லெழுத்தும் மலைவழக்கும்

(புதூர்நாட்டில் நிகழ்ந்த வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஆசிய வரலாற்றில் பேரரசுகளும் பண்பாடுகளும் சமயங்களும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். கடல்போன்ற தலைப்பு. எனினும், அக்கடலைக் காட்டும் கல்லொன்று நம் மலைத்தொடருக்கு அருகிலேயே இருத்தலின் துணிந்து வந்தேன்.

சவ்வாது மலைக்குக் கிழக்கே, போளூரை அடுத்துத் திருமலை என்னும் சமணத் தலம் உள்ளது. அங்குள்ள பாறையொன்றில் முதலாம் இராசேந்திரனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. காலம் ஏறத்தாழக் கி.பி. 1025. வனவாசி, ஈழம், ஒட்டவிடயம், வங்காள தேசம், கங்கை என அவன் படை வென்ற இடங்களை அது நிரல்படக் கூறுகிறது. பால மன்னன் மகிபாலனைப் போர்க்களத்தில் அஞ்சச் செய்த செய்தியும் அதில் உண்டு. பாலர் பௌத்தத்தைப் புரந்தவர். வென்ற சோழனோ சிவநெறியினன். அவ்வெற்றி பொறிக்கப்பட்ட இடமோ குந்தவை சினாலயம் என்னும் அருகன் கோயில். மூன்று சமயங்கள் ஒரு பாறையில் வந்து கூடுகின்றன.

இதனைச் சமயப் பொறை என்று மட்டும் போற்றிவிட இயலாது. நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னர் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தவன் இராசராசன். அக்கடாரத்தின்மீதே கடற்படை செலுத்தியவன் அவன் மகன் இராசேந்திரன். விகாரத்துக்கு ஊர் அளித்த அரசும் விகாரம் எடுத்தவர் நாட்டைத் தாக்கிய அரசும் ஒன்றே. ஆசியப் பேரரசுகள் பலவற்றிலும் கொடையும் படையும் இவ்வாறே அடுத்தடுத்து நடந்துள்ளன.

இனி, என் குறையொன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். முனைவர் பட்ட ஆய்வில் இக்கல்வெட்டின் மெய்க்கீர்த்திப் பகுதியை வரிவரியாக ஆராய்ந்தேன். இறுதிப் பகுதியை 'கொடைச் செய்தி' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டேன். அக்கொடை யாருடையது? நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, கோயிலில் நந்தாவிளக்கு எரியக் காசு இருபதும், திருவமுதுக்குக் காசு பத்தும் வைத்தாள். கல் வெட்டப்பட்டதே அவ்விளக்கின் பொருட்டு. அரசனின் திசை வெற்றிகள் அவள் விளக்குக்கு எழுதப்பட்ட முன்னுரையே. பெண்ணாகிய நானே முன்னுரையைப் படித்து, நூலைப் படிக்காது விட்டேன்.

இதனை எனக்கு உணர்த்தியவள் இம்மலையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி. மெய்க்கீர்த்தியைப் பாடம் நடத்தி முடித்த அன்று அவள் எழுந்து, "அம்மா, இதில் எங்கள் சனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். விடை சொல்ல இயலாது நின்றேன்.

கல்லில் இல்லாத அச்சனத்தின் வரலாறு வாய்மொழியில் இருக்கிறது. சவ்வாது மலையாளிகள் தம் முன்னோர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் என்பர். இக்கதையை வட ஆர்க்காடு மாவட்டக் கையேடும், 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பும் பதிவு செய்துள்ளன. கங்குந்தி வேடர் ஏழு வேளாளப் பெண்களைக் கவர்ந்து சென்றனர். மீட்கப் புறப்பட்ட எழுவர், ஏழு நாய்களையும் உடன் கொண்டு சென்றனர். 'நாய்கள் மட்டும் திரும்பின் எம்மை இறந்தோராகக் கொள்க' என்பது அவர்கள் மனைவியரிடம் சொல்லிச் சென்ற சொல். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி நீந்தித் திரும்பிவிட்டன. எழுவர் வேடரைக் கொன்று ஊர் மீண்டபோது, மனைவியர் கைம்பெண்களாகியிருந்தனர்; இறுதிக்கடன் முடிந்திருந்தது. உயிரோடிருந்தும் இறந்தோராகிய அவர்கள், வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறி உழுதுண்டு வாழ்ந்தனர்.

கையேடு இதற்கு 1132 என்று ஆண்டும் குறிக்கிறது. அவ்வாண்டினை வரலாறாகக் கொள்ளல் அரிது. ஆயினும் சடங்கு முடிந்தபின் உயிரோடு வந்தவனுக்கும் ஊரில் இடமில்லை என்னும் துயரம் மெய்யானது. சோழப் பேரரசு நிலவிய காலமாகக் கதை தன்னைக் குறித்துக்கொள்கிறது. ஆனால் அதில் அரசன் ஒருவனும் இல்லை. ஆறும் நாயும் சடங்குமே ஊழை முடிவு செய்கின்றன.

நாயை மறவாமை இந்நிலத்தின் பழைய இயல்பு போலும். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று, மாண்ட வீரனோடு கோவிவன் என்னும் அவன் நாயையும் வடித்து, கள்வரைக் கடித்துக் காத்து நின்றதெனப் பெயர்சொல்லிப் போற்றுகிறது.

நாய்க்குப் பெயர் உண்டு. விளக்கு வைத்தவளுக்குப் பெயர் உண்டு. கவரப்பட்ட எழுவருக்கும், தாலி களைந்த எழுவருக்கும், மலையில் மனை புகுந்த வேடர் மகளிர்க்கும் நாம் அச்சில் காணும் கதையில் பெயரில்லை. மீட்கப் போன பெண்கள் என்னவாயினர் என்றும் அது சொல்லவில்லை.

கவிஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். காஞ்சியிலிருந்து வந்தோம் என்னும் பெருமையை மட்டும் பாடாதீர்கள். அது வேடர் மகளிரை, நம் பாதி முன்னோரை, மறைத்துவிடும். இம்மலையின் முதுமகளிரிடம் சென்று அமருங்கள். அவர்கள் இக்கதையை எவ்வாறு சொல்கின்றனர் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். பதினோராம் ஆண்டின் பணியாக இதனை வட்டம் ஏற்குமாயின், அம்மாணவியின் வினாவுக்கு நான் கூறாத விடையை நீங்கள் கூறியவராவீர்கள்.